எபிகிளாட்டிஸ் வளர்ச்சி: சி10.1-ஆ, சி32.1-ஆ? தொண்டை, குரல்வளை, மூக்குப் புற்றுநோய் சார்ட்டுகளுக்கான இழை

1. கோடிங்_கயல்

வணக்கம். யுஎஸ் இஎன்டி (காது-மூக்கு-தொண்டை) அவுட்பேஷன்ட் சார்ட்டுகள், ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவில் பயன்படும் நோய்க் குறியீட்டுப் பட்டியல்). நாலு நோட்டில் எங்கள் டீமுக்குள் ஒத்தே வரவில்லை. அடையாள விவரங்களை எடுத்துவிட்டு வாசகத்தை மட்டும் தமிழில் போடுகிறேன்.

அ) "எபிகிளாட்டிஸில் வளர்ச்சி, வலெக்குலாவுக்கும் வலது ஏஇ ஃபோல்டுக்கும் பரவியிருக்கிறது. பயாப்ஸி: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா." (எபிகிளாட்டிஸ் குரல்வளையின் மேல் மூடி; வலெக்குலா அதற்கும் நாக்கின் அடிக்கும் இடையிலுள்ள பள்ளம்; ஏஇ ஃபோல்ட் மூடியின் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகும் மடிப்பு.)

ஆ) "குரல்வளையில் மாஸ். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய டைரக்ட் லாரிங்கோஸ்கோப்பி, பயாப்ஸி." பேத்தாலஜி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

இ) "த்ரோட் கேன்சர், ரேடியேஷன் முடிந்தது, ஃபாலோ-அப்."

ஈ) "கழுத்து நெறிக்கட்டி, ஊசிப் பரிசோதனையில் மெட்டாஸ்டாடிக் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, பி16 பாசிட்டிவ். பிரைமரி கிடைக்கவில்லை."

(அ)வுக்கு மட்டும் மூன்று பதில்: சி32.8, சி10.8, சி32.1. ஆளுக்கொரு நியாயம் சொல்கிறார்கள்.

2. ஆடிட்_அண்ணாச்சி

கயல், (அ)வை முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் விதி தெரிந்தால் போதும். இதற்கு மட்டும் உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும்.

சி32.8 தவறு. அது குரல்வளைக்குள்ளேயே ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகளில் கட்டி படர்ந்திருந்தால் போடுவது. வலெக்குலா குரல்வளையே இல்லை, ஓரோஃபாரிங்ஸ் (வாய்க்குப் பின்னுள்ள தொண்டை), சி10.0. அதே காரணத்தால் சி10.8-உம் தவறு, ஏனென்றால் ஏஇ ஃபோல்ட் ஓரோஃபாரிங்ஸில் சேராது. ".8" என்பது ஒரு கேட்டகரியின் (புள்ளிக்கு முன்னுள்ள சி10, சி32 மாதிரியான பிரிவு) நான்கு சுவருக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும்.

டாக்டர் "எபிகிளாட்டிஸில் வளர்ச்சி, அங்கே இங்கே பரவியிருக்கிறது" என்று எழுதிவிட்டார். தொடங்கிய இடம் எபிகிளாட்டிஸ் என்று அந்த வாக்கியமே சொல்கிறது. ஆகவே எபிகிளாட்டிஸ்தான். ஆனால் அதன் எந்தப் பக்கம்?

நாக்கைப் பார்த்த முன்பக்கம், மேல் விளிம்பு, நாக்கோடு சேர்க்கும் மடிப்பு: சி10.1. குரல்வளையைப் பார்த்த பின்பக்கம்: சி32.1. பக்கம் சொல்லாமல் வெறும் "எபிகிளாட்டிஸ்" என்றால் சி32.1. டேபுலரில் (குறியீடுகளின் வரிசைப் பட்டியல்) அந்தக் குறியீட்டின் கீழேயே "எபிகிளாட்டிஸ், சூப்ராஹையாய்ட் பகுதி, வேறு விவரம் இல்லாதது" என்று இருக்கிறது. எனவே கையில் இருக்கும் நோட்டுக்குச் சரியான பதில் சி32.1.

ஆனால் நான் ஆடிட் செய்தால் அதோடு விடமாட்டேன். வலெக்குலா முன்பக்கத்தை ஒட்டியது. அங்கே பரவியிருக்கிறது என்றால் கட்டி நாக்குப் பக்கத்தில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக நாமே சி10.1 போடக்கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். கேட்பதற்குப் போதுமான ஆதாரம் நோட்டிலேயே இருக்கிறது.

ஏஇ ஃபோல்டில் இதே வம்பு தலைகீழாக வரும். பக்கம் சொல்லாத ஏஇ ஃபோல்ட் சி13.1, அதாவது ஹைப்போஃபாரிங்ஸ் (தொண்டையின் அடிப்பகுதி). "குரல்வளைப் பக்கம்" என்று எழுதியிருந்தால்தான் சி32.1. எபிகிளாட்டிஸ் சும்மா எழுதினால் குரல்வளைக்குப் போகும், ஏஇ ஃபோல்ட் சும்மா எழுதினால் தொண்டைக்குப் போகும். இந்த இரண்டையும் குழப்பாத கோடரை நான் அதிகம் பார்த்ததில்லை.

3. ரேவதி_சிபிசி

> தொடங்கிய இடம் எபிகிளாட்டிஸ் என்று அந்த வாக்கியமே சொல்கிறது

அண்ணாச்சி, கைட்லைனில் "ஒட்டியிருக்கும் இரண்டு இடங்களில் படர்ந்திருந்தால் .8" என்றுதானே இருக்கிறது? தொடங்கிய இடம் என்ற பேச்சே அங்கே இல்லையே. சரி, டாக்டர் "சூப்ராகிளாட்டிஸ் (குரல்நாணுக்கு மேலுள்ள குரல்வளை), வலெக்குலா இரண்டையும் பிடித்த கட்டி" என்று மட்டும் எழுதினால் என்ன செய்வது? கேட்டகரி இரண்டாகிவிடுகிறதே.

4. ஆடிட்_அண்ணாச்சி

அங்கேதான் சிக்கல், ரேவதி. தொண்டைக்குள் மட்டும் என்றால் வாய், தொண்டை இரண்டுக்கும் பொதுவாக சி14.8 இருக்கிறது. தொண்டையும் குரல்வளையும் சேர்ந்தால் பொதுக் குறியீடு எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் சுவாச உறுப்புகளுக்கென்று சி39.8 உண்டு. சிஎம் பதிப்பில் அது இல்லை, சி39.0-உம் சி39.9-உம் மட்டும்தான். சி39.0 என்றால் "மேல் சுவாசப்பாதை, எந்தப் பகுதி என்று சொல்லப்படவில்லை". சூப்ராகிளாட்டிஸ் என்று டாக்டர் எழுதிய பிறகும் சி39.0 போட்டால் இருக்கிற தகவலைத் தூக்கி எறிந்ததாகிவிடும்.

ஆகவே குவெரிதான் (டாக்டருக்கு எழுத்தில் அனுப்பும் கேள்வி) வழி. இரண்டு இடத்தையும் எழுதியவருக்கு மூலம் எது என்று பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். எழுதும்போது தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

டிரான்ஸ்கிளாட்டிக் கட்டிக்கு (குரல்நாணைத் தாண்டி மேலும் கீழும் பரவியது) இந்தக் கஷ்டம் கிடையாது. எல்லாம் குரல்வளைக்குள்ளேயே அடங்கிவிடும். மூலம் எழுதியிருந்தால் அந்த இடம், இல்லையென்றால் சி32.8.

5. டாக்டர்_காமு

இஎன்டி பக்கத்திலிருந்து நானும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மோசமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டேஜிங்குக்குத் தேவையான விவரமும் குறியீட்டுக்குத் தேவையான விவரமும் ஒன்றல்ல. ஏஜேசிசி (புற்றுநோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ஸ்டேஜ் பிரிக்கும் கையேடு) எட்டாம் பதிப்பில் எபிகிளாட்டிஸின் முன்பக்கக் கட்டியும் குரல்வளை அத்தியாயத்திலேயே, சூப்ராகிளாட்டிஸாகத்தான் ஸ்டேஜ் ஆகிறது. குறியீடு சி10.1 என்று ஓரோஃபாரிங்ஸுக்குப் போனாலும் ஸ்டேஜ் குரல்வளைதான். அதனால் சர்ஜனுக்கு "எபிகிளாட்டிஸ்" என்றாலே வேலை முடிந்துவிடுகிறது. முன்பக்கமா பின்பக்கமா என்பது உங்களுக்குத்தான் தேவைப்படுகிறது.

எங்கள் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இது. ஸ்கோப் போட்டதும் முதல் வரியில் கட்டியின் நடுமையம் எங்கே, எந்தப் பரப்பில் என்று எழுது. பரவியது எல்லாம் அடுத்த வரி. குரல்நாண் அசைகிறதா, குறைந்திருக்கிறதா, உறைந்துவிட்டதா. ஆன்டீரியர் கமிஷர் தொட்டிருக்கிறதா. கீழே எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. சிடியில் தைராய்டு குருத்தெலும்பின் உள்பக்கம் மட்டுமா, வெளிப்பக்கத்தையும் துளைத்துவிட்டதா. கழுத்தில் எந்த லெவல், எத்தனை சென்டிமீட்டர். இதில் பாதி குறியீட்டை மாற்றாது, ஸ்டேஜை மாற்றும். ஆனால் முதல் வரி இல்லாவிட்டால் குறியீடு தப்பாகும்.

பயாப்ஸி பாட்டிலில் ஒட்டும் லேபிளையும் மறந்துவிடக் கூடாது. பேனெண்டோஸ்கோப்பியில் மூன்று இடத்தில் துண்டு எடுத்து மூன்றுக்கும் "த்ரோட் பயாப்ஸி" என்று எழுதி அனுப்பினால், பேத்தாலஜி ரிப்போர்ட்டின் தலைப்பிலும் "த்ரோட்" என்றே வரும். எந்தத் துண்டில் கார்சினோமா இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி பாட்டில், இடத்தின் முழுப் பெயர், பக்கம். ஃபார்மலின் ஊற்றுவதற்கு முன்பே லேபிள்.

6. கோடிங்_கயல்

டாக்டர், அண்ணாச்சி, நன்றி. குவெரியை எப்படி எழுதுவது? போன முறை "கட்டி நாக்குப் பக்கத்தில் இருக்கிறதா? உறுதிப்படுத்தவும்" என்று அனுப்பியது லீடிங் என்று திரும்பி வந்துவிட்டது.

7. ஆடிட்_அண்ணாச்சி

திரும்பி வந்தது சரிதான். ஒரே பதிலை வாயில் திணிக்கிற கேள்வி அது. ஆதாரத்தை அப்படியே எடுத்துப் போட்டு, மருத்துவ ரீதியாக அர்த்தமுள்ள எல்லா வாய்ப்பையும் கொடுத்து, "வேறு", "சொல்ல இயலாது" இரண்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பணம், பேமென்ட், குறியீட்டு எண் எதுவும் உள்ளே வரக்கூடாது. (அ)வுக்கு இப்படி எழுதலாம்:

"லாரிங்கோஸ்கோப்பி நோட்டில் ‘எபிகிளாட்டிஸில் வளர்ச்சி, வலெக்குலாவுக்கும் வலது ஏஇ ஃபோல்டுக்கும் பரவியுள்ளது’ என்றும், பேத்தாலஜியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்றும் பதிவாகியுள்ளது. கட்டி தொடங்கிய இடத்தை உங்கள் மருத்துவ முடிவின்படி தெளிவுபடுத்தவும்:
☐ எபிகிளாட்டிஸ், நாக்குப் பக்கப் பரப்பு
☐ எபிகிளாட்டிஸ், குரல்வளைப் பக்கப் பரப்பு
☐ எபிகிளாட்டிஸ், மேல் விளிம்பு
☐ வலெக்குலா
☐ வேறு: ______
☐ தீர்மானிக்க இயலவில்லை"

பதில் வந்தால் அது சார்ட்டில் அடென்டமாக (பின்சேர்க்கை) ஏற வேண்டும். ஈமெயிலில் "ஆமாம், முன்பக்கம்" என்று வந்ததை வைத்துக் குறியீட்டை மாற்றினால் அடுத்த ஆடிட்டில் நிற்காது.

8. ரேவதி_சிபிசி

(ஆ)வுக்கு என் பதில் டி49.1, தன்மை குறிப்பிடாத கட்டி. டீம் லீட் டி38.0, நிச்சயமற்ற நடத்தை என்கிறார். சண்டை முடியவில்லை.

9. ஆடிட்_அண்ணாச்சி

இரண்டு பேரும் தோற்றீர்கள். ஜே38.7.

"மாஸ்" என்ற சொல்லை நியோபிளாசம் டேபிளில் தேடக்கூடாது. இண்டெக்ஸில் "மாஸ்" என்ற தலைப்புக்குப் போனால் அந்த உறுப்பின் நோய்க்கு அனுப்பிவிடும். குரல்வளை என்றால் ஜே38.7. "லீஷன்" என்றாலும் அதே கதை. "டியூமர்", "குரோத்", "நியோபிளாசம்" என்று டாக்டர் எழுதியிருந்தால்தான் டேபிளின் கடைசி நெடுவரிசைக்குப் போய் டி49.1 எடுக்கலாம். கழுத்தில் கட்டி, உறுப்பு எது என்று தெரியவில்லை என்றால் ஆர்22.1.

டி38.0 முற்றிலும் வேறு விஷயம். கோடருக்குத் தெரியவில்லை என்பதற்கான குறியீடு அல்ல அது. பேத்தாலஜிஸ்ட் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இது சாதுவா கொடியதா என்று செல்லை வைத்தே சொல்ல முடியவில்லை என்று எழுதினால்தான் அந்த நெடுவரிசை. ரிப்போர்ட்டே வராத சார்ட்டில் டி38.0 போட்டால் ஆடிட்டில் நேரடி எரர்.

"புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய" என்ற பகுதியை அவுட்பேஷன்ட்டில் கண்டுகொள்ளக் கூடாது. ப்ராபபிள், சஸ்பெக்டெட், ரூல் அவுட், கம்பாட்டிபிள் வித், கன்சிஸ்டென்ட் வித், வொர்க்கிங் டயக்னோசிஸ் எதுவும் அவுட்பேஷன்ட்டில் நோயாகக் குறியீடு ஆகாது. இன்பேஷன்ட்டில் டிஸ்சார்ஜ் சமயத்திலும் அப்படியே இருந்தால், இருப்பதாகவே எடுத்துக்கொண்டு குறியீடு போடலாம். ஒரே டாக்டர் எழுதிய ஒரே சொல், ஒரு பக்கம் சி32.9 ஆகிறது, மறுபக்கம் வெறும் குரல் கம்மல், ஆர்49.0.

பயாப்ஸி செய்த அன்றைய அவுட்பேஷன்ட் சர்ஜரி கிளெய்மை பேத்தாலஜி வரும்வரை நிறுத்திவைப்பதுதான் நல்ல பழக்கம். அவுட்பேஷன்ட்டில், குறியீடு போடும் நேரத்தில் பேத்தாலஜிஸ்ட் கையெழுத்திட்ட முடிவு கையில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். இன்பேஷன்ட்டில் அப்படி முடியாது. ரிப்போர்ட்டில் கார்சினோமா என்று இருந்தாலும் சிகிச்சை தரும் டாக்டர் தன் நோட்டில் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் குவெரி.

10. பதிவேடு_மீனா

நான் கேன்சர் ரெஜிஸ்ட்ரி ஆள். பில்லிங் கோடர்கள் ரெஜிஸ்ட்ரிக்கு மாறும்போது முதல் மாதத்திலேயே தடுக்கி விழும் இடம் இதுதான்.

அமெரிக்க ரெஜிஸ்ட்ரி விதியில் சந்தேகச் சொற்களுக்கு வேறு பட்டியல். "கன்சிஸ்டென்ட் வித்", "கம்பாட்டிபிள் வித்", "ப்ராபபிள்", "சஸ்பிஷியஸ் ஃபார்", "ஃபேவர்ஸ்" எல்லாம் புற்றுநோய் என்றே கணக்கு. கேஸைப் பதிவு செய்தாக வேண்டும். "பாசிபிள்", "சஜஸ்ட்ஸ்", "ரூல் அவுட்", "வொரிசம்" கணக்கில் வராது. பில்லிங்கில் தள்ளிவிடும் "கன்சிஸ்டென்ட் வித்" இங்கே உள்ளே வந்துவிடும். சைட்டாலஜியில் மட்டும் சந்தேகச் சொல் இருந்தால் அதை வைத்துப் பதிவு செய்வதில்லை.

ரெஜிஸ்ட்ரியில் ஐசிடி-ஓ (புற்றுநோய்க்கென்றே உள்ள தனிக் குறியீட்டு நூல்) மூன்றாம் பதிப்பு. இட எண் பெரும்பாலும் ஐசிடி-10 மாதிரியே இருக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். கூடவே திசு எண் உண்டு: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா 8070/3, கெரட்டினைசிங் 8071/3, வெருகஸ் 8051/3, பேசலாய்ட் 8083/3, அடினாய்ட் சிஸ்டிக் 8200/3. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கம்தான் நடத்தை: 2 என்றால் இன் சிட்டு (ஊடுருவாமல் பிறந்த இடத்திலேயே நிற்பது), 3 என்றால் ஊடுருவியது. ஐசிடி-10-இல் குரல்வளை இன் சிட்டு என்றால் முதல் எழுத்தே மாறி டி02.0 ஆகும். ஐசிடி-ஓவில் இடம் சி32 அப்படியே நிற்கும், 8070/3 என்பது 8070/2 ஆகும்.

கழுத்துக் கணுவில் பரவியதை சி77.0 என்று பிரைமரி இடமாகப் போட்டுவிடுவது இன்னொரு தவறு. பில்லிங்கில் சி77.0 செகண்டரி. ஐசிடி-ஓவில் அதே எண் நிணநீர்க்கணுவிலேயே பிறந்த லிம்ஃபோமா மாதிரியானவற்றின் இடம். இரண்டுக்கும் ஒரே எண், அர்த்தம் நேர் எதிர்.

நம் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981-82-இல் தொடங்கியது. சென்னைப் பதிவேடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. இங்கே பதிவாளர் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் புரட்டி எடுப்பதுதான் வழக்கம். பில்லிங் குறியீட்டிலிருந்து தானாக வந்து விழாது. கேஸ் ஷீட்டில் "கேன்சர் த்ரோட்" என்று மட்டும் இருந்தால் அந்தக் கேஸ் இடம் தெரியாத குவியலில்தான் சேரும்.

11. கோடிங்_கயல்

மீனா அக்கா, "கேன்சர் த்ரோட்" என்றதும் (இ) ஞாபகம் வந்துவிட்டது. "த்ரோட்" என்றால் சி14.0 தானே?

12. ஆடிட்_அண்ணாச்சி

நியோபிளாசம் டேபிளில் "த்ரோட்" சி14.0. ஃபாரிங்ஸ், எந்த இடம் என்று குறிப்பிடாதது. ஆனால் (இ) நோட்டில் முதலில் பார்க்க வேண்டியது இடத்தை அல்ல, காலத்தை.

சிகிச்சை முடிந்ததா, நோய் மிச்சம் இருக்கிறதா, இன்னும் ஏதாவது சிகிச்சை பாக்கி இருக்கிறதா? "ரேடியேஷன் முடிந்தது" என்றதும் எல்லோரும் இசட்85-க்கு (முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு) ஓடுகிறார்கள். ரேடியேஷன் முடிந்து கீமோ இன்னும் போகிறதென்றால் அது ஆக்டிவ் கேன்சர், சி-குறியீடுதான். கட்டியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு ரேடியேஷன் நடந்துகொண்டிருந்தாலும் அப்படியே. சிகிச்சை எல்லாம் முடிந்து, நோய் தென்படவில்லை என்று டாக்டர் எழுதியிருந்தால்தான் வரலாறு ஆகும்.

அப்படி வரலாறு ஆகிவிட்டால் செக்-அப் விசிட்டுக்கு முதலில் இசட்08, அடுத்து வரலாற்றுக் குறியீடு. குரல்வளை என்றால் இசட்85.21. மூக்கு, சைனஸ், நடுக்காது என்றால் இசட்85.22. தொண்டை என்றால் இசட்85.81 குடும்பம். "த்ரோட்" என்று மட்டும் இருக்கும்போது இதில் எது? பழைய ஓபி நோட்டிலோ ரேடியேஷன் சம்மரியிலோ "டி1 கிளாட்டிக்" (குரல்நாணில் ஆரம்ப நிலைக் கட்டி) என்று இருக்கலாம். ஆனால் பழைய விசிட்டிலிருந்து நாமே எடுத்துப் போடக்கூடாது, இன்றைய நோட்டில் டாக்டர் அதை எழுத வேண்டும். வேண்டியது ஒரு வரிதான்: "2 வருடத்துக்கு முன் கிளாட்டிஸ் கார்சினோமா, ரேடியேஷன் முடிந்தது, நோய் தென்படவில்லை".

லாரிஞ்செக்டமி (குரல்வளையை அகற்றும் அறுவை) செய்தவர் என்றால் இசட்90.02-உம் ஸ்டோமாவுக்கு (மூச்சு விடக் கழுத்தில் வைத்த திறப்பு) இசட்93.0-உம் சேரும். பலர் இசட்85.21-ஐ மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

13. டாக்டர்_காமு

"சர்வைலன்ஸ்" என்று நாங்கள் எழுதுவதை வைத்து ஆக்டிவ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அது நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் காலம், அவ்வளவுதான். ரேடியேஷன் முடித்த முதல் சில மாதங்களில் வீக்கமா, மிச்சக் கட்டியா என்று எங்களுக்கே தெளிவாகத் தெரியாத நேரமும் உண்டு. அப்போது "நோய் தென்படவில்லை" என்று எழுதமாட்டோம். அப்படி எழுதாத சார்ட்டில் இசட்85 போட்டால் அது எங்கள் முடிவு அல்ல, உங்கள் முடிவு.

14. ரேவதி_சிபிசி

(ஈ) யாரும் தொடவில்லை. பி16 பாசிட்டிவ் என்றால் ஓரோஃபாரிங்ஸ், சி10.9, கூடவே எச்பிவி (பாப்பிலோமா வைரஸ்) காரணம் என்பதற்கு பி97.7. சரிதானே?

15. பதிவேடு_மீனா

ஸ்டேஜிங்குக்கு ஓரளவு சரி, ரேவதி. ஏஜேசிசி எட்டாம் பதிப்பில், பிரைமரி தெரியாத கழுத்துக் கணு பி16 பாசிட்டிவ் என்றால் எச்பிவி சார்ந்த ஓரோஃபாரிங்ஸ் அத்தியாயத்திலும், ஈபிவி (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) பாசிட்டிவ் என்றால் நாசோஃபாரிங்ஸ் (மூக்குக்குப் பின்னுள்ள தொண்டை) அத்தியாயத்திலும் ஸ்டேஜ் போடச் சொல்கிறார்கள். பில்லிங் வேறு. அண்ணாச்சி சொல்லட்டும்.

16. ஆடிட்_அண்ணாச்சி

பில்லிங்கில் சி77.0, சி80.1 (பிரைமரி தெரியாதது). அந்த விசிட் கணுவுக்காக என்றால் சி77.0 முதலில். பி16-ஐப் பார்த்து கோடர் பிரைமரியை யூகிக்கக் கூடாது. டாக்டர் "ஓரோஃபாரிங்ஸ் பிரைமரி" என்று எழுதினால் சி10.9. அடுத்து டான்சிலெக்டமியில் கட்டி கிடைத்தால் அன்றிலிருந்து சி09.9, அல்லது டான்சில் ஃபோசா என்றால் சி09.0.

பி97.7-உம் அப்படியே. பி16 என்பது செல்லில் அதிகமாக வெளிப்படும் ஒரு புரதம், எச்பிவிக்கான மறைமுகச் சான்று. கட்டி செல்களில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட அடர்த்தியில் நிறம் ஏறினால் பாசிட்டிவ். அதை வைத்து "எச்பிவி காரணமானது" என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. அவர் எழுதினால் பி97.7, இல்லையென்றால் கிடையாது.

கணுவைப் பற்றி இன்னும் ஒன்று. லெவல் 2 ஆனாலும் லெவல் 4 ஆனாலும், ரெட்ரோஃபாரிஞ்சியல் ஆனாலும், காலர் எலும்புக்கு மேலே இருக்கும் சூப்ராகிளாவிக்குலர் ஆனாலும் சி77.0. மார்புக்குள் மீடியாஸ்டைனம் என்றால் சி77.1. எத்தனை கணு, எந்தப் பக்கம் என்பதெல்லாம் குறியீட்டை மாற்றாது. குரல்வளைக்கும் இடது வலது கிடையாது.

17. கோடிங்_கயல்

பெயரை வைத்து ஏமாறும் இடங்கள் வேறு எவை இருக்கின்றன? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

18. ஆடிட்_அண்ணாச்சி

பைரிஃபார்ம் சைனஸ். "சைனஸ்" என்று பார்த்ததும் சி31-க்குப் போய்விடுகிறார்கள். அது ஹைப்போஃபாரிங்ஸ், சி12. சி12-க்குப் பின்னால் புள்ளியே கிடையாது, மூன்று எழுத்தோடு முடிந்தது. மூச்சுக்குழாய் சி33-உம் அப்படியே. எல்லாவற்றுக்கும் ".9" போட்டுப் பழகிய கை சி12.9 என்று அடித்துவிடும். அப்படி ஒரு குறியீடே இல்லாததால் கிளெய்ம் வாசலிலேயே திரும்பிவிடும்.

ஆன்ட்ரம். இஎன்டி சார்ட்டில் மேக்ஸிலரி ஆன்ட்ரம், சி31.0. இரைப்பை ஆன்ட்ரம் சி16.3. காதில் மேஸ்டாய்ட் ஆன்ட்ரம் சி30.1. சாஃப்ட்வேர் தேடலில் முதலில் வருவதைக் கிளிக் செய்தால் மூக்கு நோயாளிக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்துவிடும்.

"மூக்கு" என்று மட்டும் இருந்தால் டேபிள் சி76.0-க்கு அனுப்பும். மூக்கின் உள்குழி, வெஸ்டிபியூல், செப்டம் எல்லாம் சி30.0. மூக்கின் தோல் சி44.3-இல் வரும், பேசல் செல் சி44.311, ஸ்குவாமஸ் சி44.321. மூக்கு எலும்பு சி41.0. செப்டத்தின் பின்விளிம்பு மட்டும் நாசோஃபாரிங்ஸ், சி11.3.

சாஃப்ட் பேலட்டும் இதே ரகம். வாய்ப் பக்கம் சி05.1, மேலே மூக்குப் பக்கப் பரப்பு சி11.3. டான்சில் என்று மூன்று பேர் இருக்கிறார்கள்: தொண்டையின் இரு பக்கமும் இருப்பது சி09, நாக்கின் அடியில் இருப்பது சி02.4, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்ட் சி11.1.

ஃபால்ஸ் கார்டு சி32.1, ட்ரூ கார்டு சி32.0. வெறும் "வோக்கல் கார்டு" என்றால் ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளலாம். வோக்கல் கார்டில் லூகோபிளேகியா (வெள்ளைத் திட்டு) மட்டும் என்றால் புற்றுநோயே இல்லை, ஜே38.3.

டான்சிலில் லிம்ஃபோமா வந்தால் சி09 கிடையாது. லிம்ஃபோமா எங்கே வந்தாலும் தன் பிரிவுக்கே போகும். ஆனால் மூக்குக்குள் மெலனோமா என்றால் சி43 அல்ல, அது தோலுக்கு மட்டும். மூக்குக்குழி சி30.0.

19. டாக்டர்_காமு

இன்வெர்ட்டட் பாப்பிலோமாவையும் சேருங்கள், கயல். சைனஸ் அறுவையில் அடிக்கடி வரும். பில்லிங்கில் சாது வகை, டி14.0. திரும்பத் திரும்ப வரும், சிலவற்றில் உள்ளேயே கார்சினோமா இருக்கும் என்பதால் நாங்கள் பதற்றமாக எழுதுவோம். பதற்றத்தைப் பார்த்து சி31 போட்டுவிடாதீர்கள். பேத்தாலஜியில் கார்சினோமா என்று தனியாக இருக்க வேண்டும்.

20. பதிவேடு_மீனா

டாக்டர், அதே கட்டி ஐசிடி-ஓவில் 8121/1. எங்கள் பக்கம் "1", அதாவது நிச்சயமற்ற நடத்தை.

21. ரேவதி_சிபிசி

சி32-க்குக் கீழே "கூடுதல் குறியீடு போடவும்" என்று புகையிலை, மது எல்லாம் இருக்கிறதே. அதைக் கட்டாயம் போட வேண்டுமா? எங்கள் டீமில் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

22. ஆடிட்_அண்ணாச்சி

நோட்டில் இருந்தால் கட்டாயம், இல்லையென்றால் வேண்டாம். "ஸ்மோக்கர்" என்று எழுதியிருந்தால் இண்டெக்ஸ் நிக்கோட்டின் சார்புக்கே அனுப்புகிறது. சிகரெட் என்றால் எஃப்17.210, மெல்லும் புகையிலை என்றால் எஃப்17.220. "டொபாக்கோ யூஸ்" என்று மட்டும் இருந்தால் இசட்72.0. விட்டுவிட்டார் என்றால் இசட்87.891. "ரெமிஷன்" என்று டாக்டர் எழுதாமல் எஃப்17.211-க்குப் போகாதீர்கள். மது பற்றி எழுதியிருந்தால் எஃப்10-இல் பொருத்தமானது.

23. கோடிங்_கயல்

இன்பேஷன்ட்டுக்கும் ஒரு கேள்வி. குரல்வளைக் கட்டிக்கு கீமோ-ரேடியேஷன் நடக்கும்போது வாய் முழுக்கப் புண், சாப்பிட முடியவில்லை, டீஹைட்ரேஷன் என்று அட்மிட் ஆகிறார். எது முதலில்?

24. ஆடிட்_அண்ணாச்சி

எதற்காகப் படுக்க வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

ரேடியேஷன் கொடுக்க மட்டும் வந்தால் இசட்51.0 முதலில், அடுத்து சி32. கீமோவுக்கு மட்டும் என்றால் இசட்51.11. இரண்டும் ஒரே அட்மிஷனில் என்றால் இரண்டில் எதையும் முதலில் போடலாம். அதற்காக வந்த இடத்தில் புண்ணோ வாந்தியோ வந்தால் இசட்51 முதலிலேயே இருக்கும், காம்ப்ளிகேஷன் பின்னால் வரும்.

நீங்கள் சொன்ன கேஸில் டீஹைட்ரேஷனுக்கு டிரிப் ஏற்றியதுதான் சிகிச்சை என்றால் ஈ86.0 முதலில், சி32 அடுத்து. புண்ணுக்கே சிகிச்சை என்றால் ரேடியேஷனால் வந்த மியூக்கோசைடிஸ் கே12.33, கீமோ மருந்தால் வந்தது கே12.31. எதனால் என்று டாக்டர் எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கும் நோயாளியிடம் நாம் யூகிக்க முடியாது. மருந்தால் என்றால் கீமோ மருந்தின் பாதக விளைவுக் குறியீட்டையும் சேர்க்க வேண்டும்.

ரத்தசோகையில் விதி வித்தியாசமானது. புற்றுநோயால் வந்த ரத்தசோகைக்காக அட்மிட் ஆனாலும் புற்றுநோய் முதலில், டி63.0 இரண்டாவது. கீமோவால் வந்த ரத்தசோகைக்காக மட்டும் என்றால் டி64.81 முதலில். ரத்தம் ஏற்றியது ஒன்றுதான், ஆனால் காரணத்தைப் பொறுத்து வரிசை புரண்டுவிடும். நோட்டில் வெறும் "அனீமியா" என்று இருந்தால் குவெரி போடாமல் வழியில்லை.

வலிக்காக மட்டும் வந்தால் ஜி89.3 முதலில் வரலாம்.

25. ரேவதி_சிபிசி

கடைசியாக ஒன்று. லாரிஞ்செக்டமி ஆனவர் டிராக்கியாஸ்டமி டியூப் மாற்ற வந்திருக்கிறார். இசட்93.0 போட்டோம். ரிஜெக்ட் ஆகவில்லை, ஆனால் க்யூஏ (தரம் பார்ப்பவர்) எரர் போட்டுவிட்டார்.

26. ஆடிட்_அண்ணாச்சி

க்யூஏ சரி. இசட்93.0 என்பது திறப்பு இருக்கிறது என்று சொல்ல மட்டும். அதைப் பார்த்து, சுத்தம் செய்து, டியூப் மாற்றினால் இசட்43.0. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது, எக்ஸ்குளூட்ஸ்1 (சேர்த்துப் போடத் தடை சொல்லும் குறிப்பு) இருக்கிறது. ஸ்டோமாவில் தொற்று என்றால் ஜே95.02, ரத்தக்கசிவு என்றால் ஜே95.01, டியூப் அடைத்துப்போனால் ஜே95.03. ஸ்டோமாவைச் சுற்றிக் கட்டி திரும்பியிருக்கிறது என்று டாக்டர் எழுதினால் இது எதுவுமே அல்ல. அந்தக் கட்டி தோலிலா, மூச்சுக்குழாயிலா என்று கேட்டு ஒரு குவெரி அனுப்பிவிட்டு மற்ற சார்ட்டைப் பாருங்கள்.